பதினேழாம் எண் தட்டு

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? என்னை ரயில் ஏற்றிவிட்டு நடைமேடையிலேயே நின்றாய். வண்டி வளையும்வரை பார்த்தேன். நீ கையசைக்கவில்லை. நானும்தான்.

போனில் பேசலாம் என்றாய். என் காதின் லட்சணம் உனக்குத் தெரியும். நீ சொல்வதில் பாதி விழாது, விழாததை நானே இட்டு நிரப்பிக்கொண்டு அழுவேன். எழுது.

மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறந்துவிட்டேன். கடையின் மறுபாதியை வாடகைக்கு எடுத்திருக்கும் சாவிக்காரர், நான் இல்லாதபோது வந்தவர்களிடமெல்லாம் நான் வெளியூர் போயிருப்பதாக மட்டும் சொல்லியிருக்கிறார். மகன் போனதைச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டேன். "அத நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்" என்றார். அதனால் இப்போது வருகிற ஒவ்வொருவரிடமும் நானே சொல்கிறேன். அவர்கள் பிரேம் போட்டுப் பார்க்கும்போதே சொல்லிவிடுகிறேன். மழை, பைக், திருப்பம். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

ஆனால் பையன் என்ன வேலை பார்த்தான் என்று கேட்கிறார்கள். மூளை என்கிறேன். டாக்டரா? இல்லை. மருந்துக் கம்பெனியா? இல்லை. ஒருவர், "மூளைய வச்சு எல்லாரும்தானேம்மா வேலை பாக்கறோம்" என்றார். சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு வெட்கமாக இருந்தது. அவன் சொன்னபோதெல்லாம் நான் தலையை ஆட்டினேனே தவிர, எதையும் கேட்கவில்லை. நீ அவனோடு ஒரே மேசையில் வேலை செய்கிறவள். எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அவன் கண்ணாடியை உன்னிடம் கேட்டு வாங்கி வந்தேனே, இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை


மார்ச் 19

அன்புள்ள அத்தைக்கு,

நலம். சாப்பிடுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா?

அவர் செய்த வேலை இது.

மூளையின் செல்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன. மின்சாரத்தால், ரசாயனத்தால். இது பள்ளிப் பாடம். இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு செல் தன் தோலிலேயே ஒரு துளி கிள்ளி, பொட்டலம் கட்டுகிறது. சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாத அளவு. உள்ளே ஆர்.என்.ஏ. துண்டுகள். எந்தப் புரதத்தை எப்போது செய்ய வேண்டும் என்று செல் தனக்கே எழுதிவைத்துக்கொண்ட குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வெளியே விட்டுவிடுகிறது. பக்கத்துச் செல் எடுத்து உள்ளே வைத்துக்கொள்கிறது. அதன்பிறகு அந்தச் செல் கொஞ்சம் மாறிவிடுகிறது.

முதலில் இதைக் குப்பை என்றார்கள். வேண்டாததைச் செல் வெளியே கொட்டுகிறது என்று. அவன் அந்தக் குப்பையைத்தான் பொறுக்கினான். தட்டில் செல்களை வளர்ப்போம். அவை இருக்கும் திரவத்தை எடுத்து வேகமாகச் சுழற்றி, அடியில் படிவதை வேறொரு தட்டில் விடுவான். அங்கிருக்கும் செல்கள் வாங்கிக்கொள்கின்றனவா என்று பார்ப்பான். அவ்வளவுதான் அவன் வேலை.

ஒரு விதி உண்டு. திரவத்தை மாற்றும்போது பாதிதான் மாற்ற வேண்டும். பழையது பாதி உள்ளேயே இருக்க வேண்டும். அவை விட்டதெல்லாம் அதில்தான் இருக்கிறது. முழுவதையும் எடுத்துப் புதிதாக விட்டால் பிழைப்பது கஷ்டம். புதிதாகச் சேர்கிறவர்களிடம் அவன் முதலில் சொல்வது இதுதான்: "சுத்தமா வச்சுக்கறேன்னு கொன்னுடாதீங்க."

அவன் கடைசியாகச் செல் விதைத்த தட்டு ஒன்று இருக்கிறது. பதினேழாம் எண். நான் பார்த்துக்கொள்கிறேன்.

கண்ணாடியைத் துடைக்காமல் வையுங்கள். இடது பக்கக் கண்ணாடியில் அவன் கட்டைவிரல் தடம் இருக்கும். எப்போதும் அப்படித்தான் மேலே தள்ளுவான்.

அன்புடன்,
மருமகள்


ஏப்ரல் 2

அன்புள்ள மருமகளுக்கு,

கடிதம் வந்தது. முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ இளைத்திருக்கிறாய் என்று உன் கையெழுத்தே சொல்கிறது. எழுத்தெல்லாம் ஒல்லியாக நிற்கின்றன.

'அவர்' என்று ஆரம்பித்தாய், பத்து வரிக்குள் 'அவன்' என்று வந்துவிட்டது. என் முன்னால் மட்டும்தான் 'அவர்' என்று எனக்கு அப்போதே தெரியும். 'அவன்' என்றே எழுது. படிக்கும்போது அவன் பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

சாவிக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "செல்லுகூட பொட்டலம் கட்டுதா? நம்மளவிட நல்லா யாவாரம் நடக்குது போல" என்றார்.

எனக்கு இரண்டு சந்தேகம். வாங்க ஆள் இல்லாத பொட்டலம் என்ன ஆகும்? இன்னொன்று. பதினேழாம் எண் என்றாயே, அது யார்? செல் என்றால் யாரிடமாவது எடுத்திருப்பீர்களே. எலியா?

மழைக்காலத்துக்கு முன்னால், காற்றுக்கு அடித்துக்கொள்ளும் அந்த ஜன்னல் கதவைச் சரிசெய். அவன் செய்வதாகச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அத்தை


மே 11

அன்புள்ள அத்தைக்கு,

பதில் தாமதம். மன்னியுங்கள். காய்ச்சல் எதுவும் இல்லை. நலம்தான்.

வாங்க ஆள் இல்லாத பொட்டலம் கொஞ்ச நாளில் கரைந்துவிடும். கடுங்குளிரில் வைத்தால் இருக்கும்.

பதினேழு எலி இல்லை. மனிதர். கொடுத்தவர் பெயரைச் சொல்வதில்லை. எங்களுக்கு எண் மட்டும்தான்.

எங்கள் ஆய்வக அறையில் ஜன்னல் இல்லை. இன்குபேட்டரின் முனகல், கையுறைப் பெட்டிகள், ஒரு மேசை. அவன் உயரத்துக்கு ஏற்றிவைத்திருந்த ஸ்டூலை யாரோ இறக்கிவிட்டார்கள். மறுபடி ஏற்றி உட்கார்ந்தேன். கால் தரையை எட்டவில்லை. அப்படியே வேலை செய்கிறேன்.

வீட்டு ஜன்னலை ஆள் வைத்துச் சரிசெய்தேன். இப்போது சத்தமே இல்லை. சத்தம் இருந்தபோது தூக்கம் வந்தது.

கண்ணாடியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

மருமகள்


மே 24

அன்புள்ள மருமகளுக்கு,

நான் சுகம். கடையில் வெயில் கண்ணாடி நன்றாக விற்கிறது.

ஒன்று நினைவு வந்தது, எழுதுகிறேன். போன முறைக்கு முந்தின முறை அவன் லீவில் வந்தபோது, சட்டை மாற்றும்போது பார்த்தேன். மேல்கையின் உள்பக்கம் ஒரு சின்ன பிளாஸ்திரி. என்னடா இது என்று பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. துளியூண்டு தோல் எடுத்தாங்க."

"யாருடா எடுத்தது? உனக்கு என்ன வியாதி?"

"வியாதி எல்லாம் இல்ல. வேலைக்குத்தான். எலிகிட்டயே எத்தன நாள் கேக்கறது? அதுங்களுக்கும் மானரோஷம் இருக்கும்ல."

நான் திட்டினேன். உடம்பில் இருப்பதை எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு அப்படி என்ன வேலை என்றேன். அவன் சிரித்துக்கொண்டே சட்டையைப் போட்டுக்கொண்டான்.

ஏன் இது இப்போது நினைவு வந்தது என்று தெரியவில்லை.

உனக்கு இருமல் வரும் மாதம் இது. வெந்நீர் குடி.

அத்தை


ஜூன் 20

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் நலம் வேண்டுகிறேன்.

ஆமாம். பதினேழு அவன்தான்.

'அவன்' என்று எழுதியது தவறு. அது அவன் இல்லை. இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். தோல் செல்லைப் பின்னோக்கிப் போகவைக்க முடியும், கருவில் இருந்த நிலைக்கு. அங்கிருந்து மூளைச் செல்லாக வளர்க்க முடியும். அப்படி வளர்ந்தவை. அவனுக்குத் தெரிந்த எதுவும் அவற்றுக்குத் தெரியாது. உங்களைத் தெரியாது. என்னைத் தெரியாது. வலி கிடையாது. ஒரு பொட்டு அளவு இடத்தில் ஒட்டிக்கொண்டு, நூல் நூலாகக் கை நீட்டி, ஒன்றுக்கொன்று பொட்டலம் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அவன் இறந்த வாரத்திலும் அனுப்பின. நான் திரவம் மாற்றினேன். பாதி.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் அழித்துவிடு என்பீர்களோ என்று பயம். அழிக்காதே என்பீர்களோ என்றும்.

இப்போது சொல்ல வேண்டியதாகிவிட்டது. கொடுத்தவர் உயிரோடு இல்லை என்றால் குடும்பத்தில் ஒருவரின் சம்மதத்தை மறுபடி பெற வேண்டும் என்பது எங்கள் விதி. அந்தச் செல்களில் வேலை செய்கிறவள் என்பதால் நான் சம்மதம் தரக்கூடாது. அவன் அப்பாவும் இல்லை. நீங்கள்தான். செப்டம்பர் கடைசிக்குள். சம்மதம் என்றால் தட்டும், அதே செல்களை உறையவைத்த இரண்டு குழாய்களும் இருக்கும். இல்லை என்றால் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம்.

நான் உங்களை எதுவும் கேட்கவில்லை. தெரிவிக்கச் சொன்னார்கள். தெரிவிக்கிறேன்.

மருமகள்


ஜூலை 1

மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

இப்போது எழுத வரவில்லை.

அத்தை


ஆகஸ்ட் 3

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? ஒரு மாதமாக உங்களிடமிருந்து எதுவும் இல்லை. கடை எண்ணுக்குப் போன் செய்தேன். சாவிக்காரர் எடுத்தார். "அம்மா இருக்காங்க, வேலை செய்றாங்க, சாப்பிடறாங்க. எங்கிட்டகூட திட்டறதில்ல, அதான் பயமா இருக்கு" என்றார்.

துறைத் தலைவர் நேற்று என் மேசைக்கு வந்தார். அவருக்கும் அவன்மேல் பிரியம். ஸ்டூலின் உயரத்தைப் பார்த்தார். "ரொம்ப நாள் ஓடிட்டு இருக்கற தட்டு அது. சீக்கிரமே தானாவும் போயிடலாம். மனச தயார் பண்ணிக்கோங்க" என்றார்.

தயாராக இருக்கிறேன் என்றேன்.

காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். இருக்கிறது. பிறகு வெள்ளைக் கோட்டை மாட்டுகிறேன்.

உங்களுக்குச் சிரமமாக இருந்தால் பதில் எழுத வேண்டாம். நானும் அப்படித்தான் இரண்டு மாதம் இருந்தேன்.

மருமகள்


ஆகஸ்ட் 16

அன்புள்ள மருமகளுக்கு,

சுகம். சாவிக்காரர் வாய் சும்மா இருக்காது.

கோபம் இல்லை. முதல் நாள் இருந்தது. இவள் மட்டும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாளே என்று. அப்புறம் யோசித்தேன், தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாளே பாவம் என்று.

போன வாரம் டிக்கெட் எடுத்து ஸ்டேஷன்வரை போனேன். வண்டி வந்தது. ஏறவில்லை. எதைப் பார்க்கப் போகிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "பையனப் பாக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.

அது அவன் இல்லை என்று எழுதினாய். நீ படித்தவள், சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவனுமே முதலில் அப்படித்தானே இருந்தான். ஒரு பொட்டு அளவு, எனக்குள்ளே, என்னைத் தெரியாமல். அப்போது என்னால் பார்க்க முடியவில்லை. இப்போது பார்க்க முடியும் என்கிறாய்.

அதனால் வருகிறேன். ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன், வைப்பதா வேண்டாமா என்று. செப்டம்பர் பத்தாம் தேதி வண்டிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். உள்ளே விடுவார்களா? உன் கோட்டு ஒன்று எனக்குப் பற்றுமா?

அத்தை


செப்டம்பர் 2

அத்தைக்கு,

வர வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வருடத்தில் முதல்முறையாக. வீட்டுக்கு வந்து உங்கள் படுக்கையைத் தட்டிப் போட்டேன். திரைச்சீலை துவைத்தேன். அவன் புத்தகங்களை அடுக்கினேன். மறுநாள் வேலைக்குப் போனபோதும் அதே நினைப்புதான். நீங்கள் வந்து குனிந்து பார்ப்பீர்கள். திரவம் புதிதில் இளஞ்சிவப்பாக இருக்கும், நாள் ஆக ஆக மஞ்சளாகும். அன்று மங்கலாக இருந்தது. உதிர்ந்த துகள்கள் மிதந்தன. அத்தை இதையா பார்ப்பார் என்று தோன்றியது.

முழுவதையும் எடுத்துவிட்டேன். புதிதாக விட்டேன். இன்னொரு முறை அலசி, மறுபடி விட்டேன். தட்டு பளிச்சென்று இருந்தது. விளக்கில் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் எனக்குத் தெரியவில்லை. கையுறையைக் கழற்றும்போதுதான் தெரிந்தது.

எத்தனையோ பேருக்கு அந்த விதியைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அடுத்த நாள் நூல்கள் மணி மணியாக உடைந்திருந்தன. அதற்கடுத்த நாள் தோல் உரிவதுபோல மொத்தமும் தட்டிலிருந்து கழன்று மிதந்தது. அவன் கையால் விதைத்தது. வேறு எதுவும் அவன் கையால் விதைத்தது இல்லை.

எடுத்த பழைய திரவத்தைக் கொட்டவில்லை. நாங்கள் கொட்டுவதில்லை. ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். அவை அனுப்பிய பொட்டலங்கள் அதில் இருக்கின்றன. வாங்க வேண்டியவைதான் இல்லை.

உறைந்த இரண்டு குழாய்கள் இருக்கின்றன. நீங்கள் சம்மதித்தால் அவற்றிலிருந்து மறுபடி வளர்க்கலாம். துறைத் தலைவர் அதை உங்களுக்கு எழுதச் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


செப்டம்பர் 9

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம். நீ நலமில்லை என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

மாமியார் வருகிறாள் என்றால் வீட்டைக் கழுவாத மருமகள் எங்கே இருக்கிறாள்? நான்தான் வருகிறேன் வருகிறேன் என்று எழுதி உன் கையைப் பதறவைத்தேன்.

நீ இரண்டு தடவை எழுதினாய், கண்ணாடியைப் பற்றி. நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். ஊருக்கு வந்த மறுநாளே கடையைத் திறந்தேன் இல்லையா. பையிலிருந்து அதை எடுத்தேன். எவ்வளவு வருஷத் தொழில்புத்தி. கையில் கண்ணாடி வந்தால் பார்ப்பதற்கு முன்னால் கை துணிக்குப் போய்விடும். முதலில் வாயால் ஊதினேன். பிறகு துடைத்தேன். ஒரு அழுக்கு இல்லாமல் துடைத்தேன். பிடித்துப் பார்த்து, இடது பக்கம் ஏதோ ஒட்டியிருந்ததே, நன்றாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் உன் கடிதம் வந்தது. துடைக்காமல் வையுங்கள் என்று.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சாவிக்காரரிடம்கூட.

ஆக, நாம் இரண்டு பேரும் அவனைச் சுத்தம் செய்துவிட்டோம். அவன் இருந்திருந்தால் நம்மை வைத்து ஒரு மாதம் சிரித்திருப்பான்.

சம்மத விஷயம். இரண்டு குழாயையும் எழுப்ப வேண்டாம். அவனை ஒரு தடவை பெற்றேன், ஒரு தடவை பறிகொடுத்தேன். நீ இரண்டாம் தடவையும் பறிகொடுத்துவிட்டாய். மூன்றாவது தடவைக்கு நம் இருவருக்கும் உடம்பில் தெம்பில்லை. உன் தலைவரிடம் சொல், அந்த அம்மா நன்றாக யோசித்துத்தான் வேண்டாம் என்றாள் என்று.

ஆனால் அந்தப் பழைய திரவம். அவன் வேலையே அதுதானே, ஒரு தட்டில் எடுத்து இன்னொரு தட்டில் விடுவது? அதை வேறு யாருடைய செல்லுக்காவது கொடு. அதற்கு என் சம்மதம் உண்டு, தனித்தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பொட்டலம் கட்டி அனுப்பியாகிவிட்டது. போய்ச் சேரட்டும்.

டிக்கெட்டை அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதிக்கு மாற்றிவிட்டேன். எதையும் பார்க்க இல்லை. உன்னோடு இருக்க. வீட்டைக் கூட்டி வைக்காதே.

அத்தை


அக்டோபர் 6

அன்புள்ள அத்தைக்கு,

இருமல் இருக்கிறது. வெந்நீர் குடிக்கிறேன்.

குழாய்கள் இரண்டையும் விதிப்படி அழித்தோம். துறைத் தலைவர் கூடவே நின்றார்.

பழைய திரவத்தைச் சுழற்றினேன். அடியில் படிந்தது கண்ணுக்குத் தெரியாது. இருக்கிறது என்று நம்பித்தான் எடுக்க வேண்டும். அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றினேன், போகிற இடம் தெரிவதற்கு. இருபத்திரண்டாம் எண் தட்டில் விட்டேன். கொடுத்தவர் யாரென்று தெரியாது. ஒரு பெண். வயது மட்டும் எழுதியிருக்கிறது. உங்கள் வயது.

அந்தத் தட்டில் பாதியை எடுத்தேன், பாதியை விட்டேன். பிப்பெட்டை நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

நேற்றுப் பார்த்தேன். விளக்கை அணைத்தால்தான் சிவப்பு தெரியும். முதலில் ஒன்றும் இல்லை. கண் பழகிய பிறகு ஒரு புள்ளி. அப்புறம் நிறைய. செல்களுக்கு வெளியே இல்லை, உள்ளே. வாங்கிக்கொண்டிருக்கின்றன.

அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரிந்திருக்காது.

ஸ்டூலைக் கொஞ்சம் இறக்கியிருக்கிறேன். கால் இன்னும் எட்டவில்லை.

கண்ணாடியைக் கொண்டுவாருங்கள். துடைத்தது துடைத்ததாகவே இருக்கட்டும்.

ஸ்டேஷனுக்கு வருகிறேன். வீட்டைக் கூட்டவில்லை.

மருமகள்